எடுக்கத் தயங்கும் விடுப்பு

ஊழியர் ஒருவருக்கு அவருடைய நிறுவனம் அளிப்பவை இருவகைப்படும். அவர் செய்த வேலைக்கு அளிக்கப்படும் ஊதியம் ஒரு வகை. குடும்பப் பொறுப்புகளை நிறைவேற்றுவதற்காக அளிக்கப்படும் வசதிகள் மற்றொரு வகை. மகப்பேற்று விடுப்பு, தந்தையர் விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, குழந்தைக் காப்பகம், பாலூட்டுவதற்கான இடைவேளை, வீட்டிலிருந்தே பணி செய்யும் ஏற்பாடு ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவ்விரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஊதியத்தைப் பெற எவரும் வாய் திறந்து கேட்க வேண்டுவதில்லை. மாதம் முடிந்ததும் அது தானே வந்து சேரும். குடும்ப வசதியையோ ஒவ்வொருவரும் தாமே முன்வந்து கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில்தான் தயக்கம் பிறக்கிறது. விதிப் புத்தகத்தில் இடம்பெற்றும் பயன்படாத வசதி, கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடுகிறது. இத்தயக்கம் ஊழியரின் அறியாமையாலோ மனவலிமைக் குறைவாலோ ஏற்படுவது என்று எண்ணுவோர் பலர். ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் அது பணியிடத்தின் அமைப்பிலிருந்தே எழுகிறது என்பது புலனாகும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1919ஆம் ஆண்டில் கூட்டிய முதல் மாநாட்டிலேயே மகப்பேற்றுப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கை நிறைவேற்றப்பட்டது. பேற்றுக்குப் பின் ஆறு வாரங்கள் பெண்களை வேலையில் ஈடுபடுத்தலாகாது என்றும், அக்காலத்திற்குரிய உதவித்தொகையைப் பொதுநிதியிலிருந்தோ காப்பீட்டு முறையிலோ வழங்க வேண்டும் என்றும் அது விதித்தது. இந்தியாவில் 1929ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணமும், 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணமும் மகப்பேற்று உதவிச் சட்டங்களை இயற்றின. நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலச் சட்டம் 1961ஆம் ஆண்டில் பிறந்தது. அது 12 வார விடுப்பை வழங்கிற்று.

2017ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கும் 26 வார விடுப்பு உரியதாயிற்று. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் அமைத்தல் கட்டாயமாயிற்று. தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்குச் சென்றுவர அனுமதி பெற்றாள். பணியில் அமர்த்தும்போதே இவ்வுரிமைகளை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. இவ்வேற்பாடுகள் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தனியார் துறையில் தந்தையர் விடுப்புக்கான விதி இத்தொகுப்பிலும் இல்லை.

சட்டத்தின் வளர்ச்சி இவ்வாறு தெளிவாக இருக்கிறது. எனினும் சட்டம் வளர்ந்த அளவுக்குப் பயன்பாடும் வளர்ந்ததா என்பது வேறு கேள்வி.

ஒரு நகரமும் மூவகைப் பணியிடங்களும்

கேரளத்தின் தலைநகராகிய திருவனந்தபுரம் இப்பொருளை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். அங்கு மூவகைப் பணியிடங்கள் அருகருகே அமைந்துள்ளன. தலைமைச் செயலகமும் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் அரசாங்கப் பணிக்குச் சான்றுகள். கழக்கூட்டத்தை அடுத்து 1990ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டெக்னோபார்க், கணினி நிறுவனங்களின் இருப்பிடம். நகரெங்கும் பரவியுள்ள தனியார் பள்ளிகளும், சாலைக் கடைத்தெருவைச் சார்ந்த வணிக நிலையங்களும் மூன்றாம் வகை.

முதல் வகையில் வேலை நிலையானது; விடுப்புக் காலச் சம்பளத்தை அரசாங்கமே ஏற்கிறது. ஆயினும் அங்கும் தயக்கத்திற்கு இடமுண்டு. மத்திய அரசாங்கப் பெண் ஊழியர்க்கு 180 நாள் மகப்பேற்று விடுப்பும், 2008ஆம் ஆண்டு முதல் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. மனைவியின்றித் தனியே குழந்தையை வளர்க்கும் ஆண் ஊழியர்க்கும் பராமரிப்பு விடுப்பு 2018ஆம் ஆண்டில் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் இவ்விரு விடுப்புகளின் தன்மையும் ஒன்றல்ல. குழந்தைப் பராமரிப்பு விடுப்பை உரிமையாகக் கோர இயலாது. விடுப்பளிக்கும் அதிகாரியின் முன் அனுமதி இன்றியமையாதது. தகுதிகாண் பருவத்தில் அது சாதாரணமாக அளிக்கப்படுவதும் இல்லை. மகப்பேற்று விடுப்பைக் கோரும் ஊழியர் ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார். பராமரிப்பு விடுப்பைக் கோருபவரோ ஓர் உதவியை நாடுகிறார். உதவியை நாடுபவர், அதனை அளிப்பவரின் மனநிலையை முதலில் ஆராய்வது இயல்பே.

இரண்டாம் வகையில் விடுப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. விடுப்பில் இருக்கும் தாயைப் பணியிலிருந்து நீக்குதல் குற்றமாகும். ஆனால் கணினித் தொழிலில் வேலை திட்டம் திட்டமாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஊதிய உயர்வும் பதவி உயர்வும் ஆண்டு மதிப்பீட்டைச் சார்ந்துள்ளன. ஆறு மாதம் கழித்துத் திரும்புபவரின் திட்டம் வேறொருவர் கையில் இருக்கும். பணிநீக்கத்தைத் தடுக்க வல்ல சட்டம், மதிப்பீட்டில் ஒரு படி குறைவதை எளிதில் தடுக்க வல்லதன்று. இங்கு அச்சம் வேலையைப் பற்றியதன்று; வேலையில் பெறும் இடத்தைப் பற்றியது.

மூன்றாம் வகையில் நிலை இன்னும் கடினமானது. மகப்பேற்று நலச் சட்டம் முதன்மையாகத் தொழிற்சாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் பொருந்தியது. பிற நிறுவனங்களுக்கு அதனை விரிவுபடுத்த மாநில அரசாங்கத்தின் அறிவிக்கை வேண்டியிருந்தது. கேரளத்தில் தனியார் கல்வி நிலையங்களின் ஆசிரியர்க்கும் ஏனைய ஊழியர்க்கும் அச்சட்டத்தின் பயன் 2020 மார்ச்சு 6ஆம் நாளிட்ட அறிவிக்கையால் கிடைத்தது. சட்டம் பிறந்து 59 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது அவர்கள் வகுப்பறை வாயிலை எட்டியது என்க. அறிவிக்கை வந்த பின்னும், ஆண்டுதோறும் பணி புதுப்பிக்கப்படும் ஆசிரியை, “ஜூன் மாதத்தில் மீண்டும் அழைப்பார்களா?” என்ற வினாவை மனத்தில் கொண்டே விண்ணப்பம் எழுத வேண்டியவராகிறார். ஒப்பந்தக் காலம் முடிந்துவிடினும் மகப்பேற்று உதவி தொடர்ந்து உரியதே என்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் அடுத்த ஆண்டுக்கான நியமனத்தை அத்தீர்ப்பு உறுதி செய்யவில்லை.

தயக்கத்தின் காரணங்கள்

தயங்குபவர் மனத்தில் எழும் கேள்விகளை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, கேட்டால் கிடைக்குமா என்பது. மறுக்கப்பட்டால் நீதி பெற நெடுங்காலம் ஆகலாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் 2021ஆம் ஆண்டில் கோரிய மகப்பேற்று விடுப்பு, முந்திய மணத்தில் பிறந்த குழந்தைகளைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது 2025 மே மாதத்தில். விடுப்பு தேவைப்பட்ட குழந்தைக்கு அப்போது வயது மூன்றைக் கடந்திருந்தது. இமாசலப் பிரதேசத்தில் அரிய எலும்பு நோயால் வருந்தும் மகனைக் கவனிக்கப் பராமரிப்பு விடுப்பு கோரிய கல்லூரி ஆசிரியை ஒருவரும் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அத்தகைய விடுப்பை மறுப்பது தாய்மாரை வேலையை விட்டே விலகச் செய்யும் என்று 2024ஆம் ஆண்டில் நீதிமன்றம் சுட்டிக் காட்டிற்று.

இரண்டாவது, தம் வேலையை யார் செய்வார் என்பது. மாற்றாள் நியமிக்கப்படாத இடத்தில், ஒருவரின் விடுப்பு மற்றவரின் சுமையாகிறது. பள்ளியில் ஓர் ஆசிரியை வராவிடில் அவருடைய பாடவேளைகள் சக ஆசிரியர்களின் ஓய்வு வேளைகளில் புகுகின்றன. நிர்வாகத்தின் குறை இவ்வாறு தோழமைக் கடனாக உருமாறி விடுகிறது. சட்டத்துக்கு அஞ்சாதவரும் சக ஊழியரின் முகச்சுளிப்புக்கு அஞ்சுவர்.

மூன்றாவது, பின்னர் என்ன நேரும் என்பது. அமெரிக்காவில் சிந்தியா தாம்சன் முதலிய அறிஞர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குடும்ப வசதிகளின் பயன்பாட்டைப் பணியிடப் பண்பாடு நிர்ணயிப்பதைக் காட்டியது. அப்பண்பாட்டில் மூன்று கூறுகளை அவர்கள் கண்டனர்: மேலதிகாரியின் ஆதரவு, வசதியைப் பயன்படுத்துவோரின் முன்னேற்றத்துக்கு நேரும் விளைவு, வேலையைக் குடும்பத்துக்கு மேலாக வைக்கவேண்டும் என்ற நேர எதிர்பார்ப்பு. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கற்பனை ஊழியர்களின் பணிப் பதிவேடுகளைப் பலரிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தனர். குழந்தைக்காக விடுப்பு எடுத்ததாகக் காட்டப்பட்ட ஆண்கள் பரிசுக்கும் உயர்வுக்கும் குறைவாகவே பரிந்துரைக்கப்பட்டனர். ஆகவே இவ்வச்சத்தை வீணான கற்பனை என ஒதுக்குவதற்கில்லை.

நான்காவது, மற்றவர் என்ன நினைப்பர் என்பது. இங்கு வியப்பான ஓர் உண்மை உண்டு. ஒரு கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு செயலை ஆதரித்தும், மற்ற அனைவரும் அதனை எதிர்ப்பதாகத் தவறாக எண்ணி அடங்கியிருப்பதுண்டு. இதனைக் ‘கூட்டு அறியாமை’ என உளவியலார் அழைப்பர். ஜப்பானில் சுமார் 300 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தந்தையர் விடுப்பில் கண்டது. தாம் விடுப்பை விரும்பியும், பிற ஆண்கள் அதனை விரும்புவதில்லை என்று மிகையாகக் கருதியவர்கள், விடுப்பு எடுக்கும் எண்ணத்தையே குறைத்துக் கொண்டனர். ஒவ்வொருவரின் மௌனமும் அடுத்தவரின் மௌனத்துக்குக் காரணமாயிற்று.

ஐந்தாவது, செலவு யாருடையது என்பது. தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தின்படி மகப்பேற்று உதவி காப்பீட்டு நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தா அந்நிதியில் சேர்கிறது. 2017 ஜனவரியில் இதற்கான மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வரம்புக்கு அப்பாற்பட்டவர்க்கு 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே நேரடியாக ஏற்க வேண்டும். முதல் முறையில் செலவு பலர்மீது பரவுகிறது. இரண்டாம் முறையில் அது ஒரு நிறுவனத்தின் கணக்கில் ஒரு பெண்ணின் பெயரோடு பதிகிறது. சிறு பள்ளி நடத்துபவர்க்கு இச்செலவு பெரிதாகத் தோன்றும். அதனை உணரும் ஆசிரியை, தாம் உரிமையைக் கேட்கிறோமா, பாரமாகிறோமா என்று மயங்குகிறார். 1919ஆம் ஆண்டு உடன்படிக்கை பொதுநிதியையும் காப்பீட்டையும் வற்புறுத்தியதன் பொருள் இங்கு விளங்கும்.

நார்வேயில் நிகழ்ந்த சோதனை

தயக்கம் எவ்வாறு நீங்குகிறது என்பதற்கு நார்வே நாட்டில் ஒரு தெளிவான சான்று உண்டு. அந்நாடு 1993ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகளின் தந்தையர்க்கு நான்கு வார விடுப்பை ஒதுக்கி வைத்தது. தந்தை எடுக்காவிடில் அந்நான்கு வாரங்களும் குடும்பத்துக்குக் கிடையா. அதற்கு முன் மிகச் சில தந்தையரே விடுப்பு எடுத்தனர். சட்டம் வந்ததும் ஏறத்தாழ மூவரில் ஒருவர் எடுத்தனர். பின்னர் அதுவே பெருவழக்காயிற்று.

டால், லோக்கன், மோக்ஸ்டாட் என்னும் பொருளியலறிஞர்கள் இந்நிகழ்ச்சியை ஓர் இயற்கைச் சோதனையாகக் கொண்டனர். ஏப்ரல் முதல் நாளுக்குச் சற்று முன்பு தந்தையானவர்க்கும் சற்றுப் பின்பு தந்தையானவர்க்கும், குழந்தை பிறந்த நாளன்றி வேறு பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பின்னவர் விடுப்பு எடுக்கத் தூண்டப்பட்டார். இவ்விரு சாராரின் சக ஊழியர்களும் சகோதரர்களும் பிற்காலத்தில் தந்தையானபோது எவ்வாறு நடந்தனர் என்பதை அவர்கள் ஒப்பிட்டனர். 2014ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் பின்வருமாறு: முன் சென்றவர் விடுப்பு எடுத்திருந்தால், அவருடைய சக ஊழியர் விடுப்பு எடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 11 அளவிலும், சகோதரர் எடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 15 அளவிலும் உயர்ந்தது. முன் சென்றவர் உயர் மேலாளராயின் விளைவு இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று.

விடுப்பு உண்டு என்ற செய்தியை அனைவரும் முன்னரே அறிந்திருந்தனர். அவர்கள் அறியாதிருந்தது, அதனை எடுத்தால் நிர்வாகம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே. ஒருவர் எடுத்துத் திரும்பி, முன்போலவே பணியாற்றுவதைக் கண்ணாரக் கண்டபின் மற்றவர்க்கு அந்த ஐயம் தீர்ந்தது. பூனைக்கு மணி கட்டும் வேலையைச் சட்டமே ஏற்றதனால், எவரும் முதல்வராகத் துணிய வேண்டியிருக்கவில்லை.

ஜப்பானின் இரு பாடங்கள்

ஜப்பானில் 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பெண்களுக்கு மாதவிடாய் விடுப்பு வழங்கிற்று. 1965ஆம் ஆண்டில் பெண் ஊழியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர் அதனைப் பயன்படுத்தினர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ நூற்றுக்கு ஒருவரும் இல்லை. அவ்விடுப்புக்கு ஊதியம் அளித்தாக வேண்டும் என்ற விதியில்லை. தவிரவும், கூசத்தக்கதாகக் கருதப்படும் காரணத்தை ஒவ்வொரு முறையும் மேலாளரிடம் கூற வேண்டும். பயன்படுத்துவோர் குறையக் குறைய, கேட்பவர் மேலும் தனித்துத் தெரிவார். தனித்துத் தெரிவதற்கு அஞ்சி இன்னும் பலர் விலகுவர். வழக்கம் இவ்வாறு தேய்கிறது.

தந்தையர் விடுப்பில் அதே நாடு எதிர்த்திசையில் சென்றது. 2012ஆம் ஆண்டில் தகுதியுடைய ஆண்களுள் 1.89 விழுக்காட்டினரே குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுத்தனர். 2022 ஏப்ரல் முதல், குழந்தை பிறக்கவிருக்கும் ஊழியரை நிர்வாகமே அழைத்து, விடுப்பைப் பற்றி எடுத்துக் கூறி, அவருடைய விருப்பத்தைக் கேட்டறிதல் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல், 1,000 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்கள் எத்தனை ஆண்கள் விடுப்பு எடுத்தனர் என்பதை வெளியிடவும் கடமைப்பட்டன. விடுப்பு எடுத்தோர் அளவு 2022இல் 17.13 விழுக்காடாகவும், 2023இல் 30.1 விழுக்காடாகவும், 2024இல் 40.5 விழுக்காடாகவும் உயர்ந்தது. அவ்விடுப்புகளுள் பல குறுகிய காலத்தனவே. ஆயினும் பயன்பாடு ஏறிய திசையில் ஐயமில்லை. கேட்கும் பொறுப்பு ஊழியரிடமிருந்து நிர்வாகத்துக்கு மாறியதும் இம்மாற்றத்தின் ஒரு பகுதி.

கேரளத்திலேயே இதற்கு இரு சான்றுகள் உண்டு. 2023 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவியர்க்கு மாதவிடாய் விடுப்பு வழங்கப்பட்டபோது, தேர்வு எழுதத் தேவையான வருகையின் அளவு அவர்களுக்கு 75 விழுக்காட்டிலிருந்து 73ஆகக் குறைக்கப்பட்டது. அளவையே மாற்றியமைத்ததால், மாதந்தோறும் காரணம் கூறி நிற்கும் நிலை தவிர்ந்தது. மற்றொன்று, துணிக்கடைப் பெண்கள் பெற்ற உட்காரும் உரிமை. நாள் முழுதும் நின்றே விற்பனை செய்த அவர்களுள் ஒருத்தி தனியே இருக்கை கேட்டிருந்தால் கிடைத்திருப்பது அரிது. கோழிக்கோட்டில் தொடங்கிப் பலர் ஒன்றுகூடிக் கேட்டதன் பயனாக 2018ஆம் ஆண்டில் கேரளக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு 2021ஆம் ஆண்டில் அவ்வழியைப் பின்பற்றியது. இருக்கையை அமைத்தல் இப்போது முதலாளியின் கடமை; கேட்டுப் பெறும் தயவன்று.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து தலைமையாசிரியர்களும் கள ஊழியர்களும் கைக்கொள்ளக்கூடிய முறைகள் சில பெறப்படுகின்றன.

1. உரிமைகளை நியமன ஆணையுடனேயே எழுத்து மூலம் அளித்தல் வேண்டும். நிறுவனங்களைப் பார்வையிடும் கள ஊழியர், விதி இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், ஊழியர் கையில் அதன் படி இருக்கிறதா என்றும் நோக்க வேண்டும்.

2. செய்தி தெரிந்தவுடன் நிர்வாகமே ஊழியரை அழைத்து, விடுப்பின் தொடக்கத்தையும் முடிவையும் பற்றிப் பேசுதல் நன்று. “எடுக்கப் போகிறீர்களா?” என்று வினவுவதினும், “எந்த நாள் முதல் எடுக்கிறீர்கள்?” என்று வினவுவது தயக்கத்தைக் குறைக்கும்.

3. மாற்றாள் ஏற்பாடு விடுப்புக்கு முன்பே முடிவாக வேண்டும். பள்ளிகள் அவ்வட்டாரத்தில் தகுதி பெற்ற ஆசிரியர்களின் பட்டியலைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தயாரித்து வைக்கலாம். நடத்திய பாடங்களையும் நடத்த வேண்டியவற்றையும் குறித்த பாடக் குறிப்பேடு, பொறுப்பு மாறும்போது பெரிதும் உதவும்.

4. விடுப்புக் காலத்தை ஆண்டு மதிப்பீட்டில் குறையாகக் கொள்ளாமல், பணியாற்றிய மாதங்களைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும். இதனை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்தல் அதைவிட முக்கியம்.

5. பொறுப்பில் உள்ளோர் தமக்குரிய விடுப்பைத் தாமே எடுத்துக் காட்ட வேண்டும். மத்திய அரசாங்கத்தின் ஆண் ஊழியர்க்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்காவிடில் அது காலாவதியாகும். அதனை ஓர் அதிகாரி எடுப்பது, நூறு சுற்றறிக்கைகள் ஆற்றாத பணியை ஆற்றும்.

6. கணக்கெடுக்கும்போது, விடுப்பு எடுத்தோர் தொகையை மட்டும் குறித்தல் போதாது. தகுதியுடையோர் எத்தனை பேர், கேட்டோர் எத்தனை பேர், பெற்றோர் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பின்னும் பணியில் நீடிப்போர் எத்தனை பேர் என நான்கு தொகைகளையும் குறிக்க வேண்டும். எவரும் கேட்கவில்லை என்பதை எவருக்கும் தேவையில்லை என்று பொருள் கொள்ளுதல் பெரும் பிழை.

முடிவு

தயங்கும் ஊழியர்க்குத் துணிவு புகட்டுதல் ஒரு வழிதான். ஆனால் துணிவு வேண்டப்படும் வரையில், துணிந்த சிலரே பயன் பெறுவர். நிலையற்ற வேலையில் உள்ளோரும் குறைந்த ஊதியம் பெறுவோரும் விடுபட்டுப் போவர். அவர்களுக்கே இவ்வசதிகள் மிகுதியும் தேவை. மாத முடிவில் ஊதியம் எவ்வாறு கேட்காமலே வந்து சேர்கிறதோ, அவ்வாறே இவ்வசதிகளும் வந்து சேரும்படி பணியிடத்தை அமைப்பதே நிலையான வழியாகும்.

ஆய்வுக்குரிய வினாக்கள்

1. மகப்பேற்று விடுப்புக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கும் தன்மையில் உள்ள வேறுபாடு யாது? அவ்வேறுபாடு ஊழியரின் தயக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது?

2. ‘கூட்டு அறியாமை’ என்பதைப் பள்ளி வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. நார்வே ஆய்வில் ஏப்ரல் முதல் நாளுக்கு முன்னும் பின்னும் தந்தையானவர்களை ஒப்பிட்டதன் காரணம் யாது?

4. தம் பணியிடத்தில் கேட்டுப் பெறும் வசதிகள் எவை, கேட்காமலே கிடைப்பவை எவை எனப் பட்டியலிடுக. முதற் பட்டியலில் உள்ள ஏதேனும் ஒன்றை இரண்டாம் பட்டியலுக்கு மாற்றும் வழியைக் கூறுக.